மாத்தளையிலிருந்து கன்னியா வரை

மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்குக் குளியல் என்றாலே பீலிதான். ரத்தோட்டைப் பக்கமோ எல்கடுவைப் பக்கமோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர், விடிகாலையில் பீலிக்கடியில் தலையைக் கொடுத்து, முதல் தண்ணீர் பட்டதும் மூச்சு அடைத்து நின்ற நாட்களை மறக்கமாட்டார். அவரிடம் போய், “அடுப்பும் வேண்டாம், விறகும் வேண்டாம், மண்ணுக்குள்ளிருந்தே சுடுதண்ணி வருது” என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். அடுத்த கேள்வி உடனே வரும்: “பக்கத்தில எங்கயாவது இருக்கா?”

பக்கத்தில் இல்லை. மாத்தளை மாவட்டத்தில் மலை இருக்கிறது, அருவி இருக்கிறது, வற்றாத ஊற்றுகளும் நிறைய இருக்கின்றன. ஆனால் பேர்பெற்ற வெந்நீரூற்று ஒன்றும் இல்லை. இதன் காரணம் தெரிந்தால் எங்கே போக வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும். அதனால் பாறையிலிருந்தே தொடங்குகிறேன்.

வெந்நீரூற்று என்றதும் பலருக்கு எரிமலைதான் நினைவுக்கு வரும். ஜப்பானிலும் ஐஸ்லாந்திலும் அது சரி. இலங்கையில் எரிமலை கிடையாது. இங்கே தண்ணீரைச் சூடாக்குவது பூமியின் ஆழம் மட்டும்தான். தரைக்குக் கீழே போகப் போகப் பாறை சூடாகிக்கொண்டே போகும். பொதுவாக ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகை வரை கூடும். மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளில் புகுந்து ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிவிட்டால் அங்கே அது நன்றாகச் சூடேறும். சூடேறினால் மட்டும் போதாது. மெதுவாகக் கசிந்து மேலே வந்தால் வரும் வழியிலேயே ஆறிவிடும். விரைவாக மேலேறி வர நல்ல ஆழமான வெடிப்பு ஒன்று வேண்டும்.

அந்த மாதிரி வெடிப்புகள் எங்கே அதிகம்? இலங்கையின் நடுவில் இருக்கும் பழைய பாறைத் தொகுதியைப் புவியியலாளர் உயர்நிலத் தொகுதி என்கிறார்கள். கிழக்கே இருப்பது விஜயன் தொகுதி. இரண்டும் முட்டிக்கொள்ளும் எல்லை, தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் தொடங்கித் தீவின் கிழக்குப் பாதியினூடாகத் திருகோணமலைப் பக்கம் வரை போகிறது. நாட்டில் அறியப்பட்ட வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன: அம்பாந்தோட்டையில் மகாபெலஸ்ஸ, அம்பாறையில் மகா ஓயாவும் கப்புரெல்லவும், பொலன்னறுவையில் நெலும்வெவ, திருகோணமலையில் கன்னியாவும் ரங்கிரியவும். மாத்தளை இந்தக் கோட்டுக்கு மேற்கே, உயர்நிலத் தொகுதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நக்கிள்ஸ் மலையில் பெய்யும் மழை அதிக ஆழம் இறங்காமலே பக்கவாட்டில் கசிந்து வெளியே வந்துவிடும். அதனால்தான் நம் பீலித்தண்ணீர் அத்தனை குளிர்ச்சி.

ஆக, மாத்தளைக்காரர் கிழக்கே போக வேண்டும். எந்த ஊற்றுக்குப் போவது என்பதில் எனக்கு ஒரே பதில்தான்: முதல் தடவை என்றால் கன்னியா. மகா ஓயாவின் நீர் ஏறத்தாழ 55 பாகை, நெலும்வெவவில் 60ஐத் தொடும். அவை பார்ப்பதற்கு, அப்படியே அள்ளி ஊற்றிக்கொள்வதற்கு அல்ல. 55 பாகைத் தண்ணீர் அரை நிமிடத்தில் தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளின் தோலுக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. மகாபெலஸ்ஸ குளிக்க ஏற்ற இடம்தான். ஆனால் மாத்தளையிலிருந்து தீவின் தென்பகுதி வரை போய் வர வேண்டும். கன்னியாவின் தண்ணீர் உடம்புச் சூட்டுக்குச் சற்று மேலே, 40 பாகையை ஒட்டி நிற்கிறது. தூரமும் சுமார் 150 கிலோமீற்றர்தான்.

பாதை சிக்கலில்லாதது. மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் நாலந்தா, நாவுல தாண்டித் தம்புள்ளை. அங்கிருந்து ஏ6 வீதியில் ஹபரணை, கந்தளாய், பிறகு திருகோணமலை. கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்கள் மாத்தளை வழியாகவே வருகின்றன. ரயிலை நம்பிப் பயனில்லை. 1880இல் மாத்தளைக்கு வந்த தண்டவாளம் மாத்தளையோடு முடிந்துவிடுகிறது. வானில் போனால் இடையில் ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்தினாலும் நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். கந்தளாயில் வீதி குளத்தை ஒட்டிப் போகும். இந்தக் குளத்தின் அணைக்கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை அடித்துக்கொண்டு போனது. அந்த நீர்ப்பரப்பைக் கடக்கும்போது வானுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள். அதை அறிந்து வளர வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

வழி கேட்கும்போது ஒரு கவனம் வேண்டும். நாம் போவது கன்னியாவுக்கு. கிண்ணியா வேறு. கிண்ணியா என்பது கொட்டியாரக் குடாப் பக்கம், திருகோணமலை நகருக்குத் தெற்கே தண்ணீருக்கு அப்பால் உள்ள பெரிய ஊர். 2009இல் திறந்த 396 மீற்றர் நீளப் பாலத்தைக் கடந்து அங்கே போக வேண்டும். ஆனால் வெந்நீர்க் கிணறு அங்கே இல்லை. கன்னியா நகருக்கு வடமேற்கே, அனுராதபுரம் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில், நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றரில் இருக்கிறது. தொலைபேசி வரைபடத்தில் அவசரமாகத் தட்டினால் ஒரு எழுத்து மாறிப்போகும். வானும் கடலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். ‘வெந்நீர்க் கிணறு’ என்று சேர்த்தே கேளுங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் திருகோணமலை நகரில் இறங்கி, அனுராதபுரம் வீதியில் போகும் பஸ்ஸைப் பிடித்துக் கன்னியாச் சந்தியில் இறங்கலாம். நாலு பேராக இருந்தால் நகரிலிருந்தே ஓட்டோ பிடிப்பது இலகு.

எந்த மாதம் போவது என்பதை மாத்தளை வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை திருகோணமலையில் வாடைக் காலம். மழை கொட்டும், கடலும் கொந்தளிக்கும். அதே காலத்தில் மாத்தளை மலைச் சரிவுகளிலும் மண்சரிவு எச்சரிக்கை வருவதுண்டு. மே தொடங்கிவிட்டால் கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வந்து, ஈரத்தையெல்லாம் மேற்கிலேயே இழந்துவிட்டு, நெருப்புக்காற்றாகக் கிழக்கில் வீசும். கச்சான் அடிக்கும் பகலில் வெந்நீரில் குளிப்பது உடம்புக்கும் மனதுக்கும் ஒவ்வாது. பெப்ரவரி, மார்ச் மாதங்களின் காலைப்பொழுதுகள்தான் என் தெரிவு. மழை ஓய்ந்திருக்கும், காற்றில் இன்னும் கொஞ்சம் குளிர் இருக்கும், வீதியோரக் குளங்களில் தண்ணீரும் நிறைந்திருக்கும். பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து ஏப்ரலிலோ ஓகஸ்டிலோதான் போக முடியும் என்றால் காலை ஒன்பது மணிக்கு முன் குளித்து முடிக்கிற மாதிரி வாருங்கள். போயா தினங்களையும் நீண்ட வார இறுதிகளையும் தவிருங்கள். ஏழு சின்னக் கிணறுகளைச் சுற்றி மூன்று பஸ் கூட்டம் நின்றால் யாருக்கும் நிம்மதியில்லை.

சின்னக் கிணறு என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் படங்களைப் பார்த்துவிட்டு நீச்சல்தடாகம் மாதிரி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் நின்று, “இவ்வளவுதானா?” என்று கேட்பதுண்டு. சுற்றுமதிலுக்குள் ஏழு சதுரத் தொட்டிகள். பக்கங்கள் கட்டப்பட்டிருக்கும். ஆழம் மூன்று நான்கு அடிக்கு மேல் போகாது. அடித்தரை கண்ணுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் குனிந்து பார்த்தால் அடியிலிருந்து குமிழிகள் எழுந்து வருவதைக் காணலாம். உள்ளே இறங்குவதில்லை. வாளியால் அள்ளி, கிணற்றுக்கட்டில் நின்று ஊற்றிக்கொள்வதுதான் முறை. எரிமலை நாட்டு ஊற்றுகளின் கந்தக நெடியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சூடு மாறுகிறது. சில எட்டு தூரம்தான். ஆனால் ஒன்றில் கை இதமாக உணரும், இன்னொன்றில் விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்ளத் தோன்றும். சிறுவயதில் முதன்முதலாக ஏழிலும் வரிசையாகக் கை வைத்துப் பார்த்தபோது யாரோ கீழே ஏழு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்றே நம்பினேன். உண்மையில் கீழே ஒரே சூடுதான். அந்த வெந்நீர் வெவ்வேறு வெடிப்புகளால் மேலேறும்போது மேல்மண்ணில் இருக்கும் குளிர்ந்த நிலத்தடி நீர் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு கலக்கிறது. கலப்புக் கூடினால் சூடு குறையும். மழைக்காலம் முடிந்ததும் வந்தவரும் வரட்சியில் வந்தவரும் கிணற்றின் சூட்டை வேறு வேறாகச் சொல்வதுண்டு. அதற்கும் இந்தக் கலப்புத்தான் காரணமாக இருக்கும்.

இனி, போகும் முன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விடயம். மற்றதெல்லாம் வசதி பற்றியது. இது மரியாதை பற்றியது.

கன்னியா துக்கம் கழிக்கும் இடம். இராவணன் தாயின் வழிபாட்டுக்காகக் கோணேசர் மலையைப் பெயர்க்க முயன்றான் என்றும், திருமால் அந்தணர் வடிவில் வந்து அவனுடைய தாய் இறந்துவிட்டாள் என்று சொன்னார் என்றும், அவளுக்கான கிரியையைச் செய்ய இராவணன் இங்கே நிலத்தில் ஏழு இடங்களில் குத்தியபோது வெந்நீர் பீறிட்டது என்றும் கதை. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் திருகோணமலைத் தமிழர் தங்கள் தாய் தந்தையருக்கு 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையை இங்கே செய்து வந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆடி அமாவாசைக்கும் பிதிர்க்கடன் செய்ய வருவார்கள். தாயின் மரணத்தில் பிறந்த தண்ணீரில் தாயை இழந்தவர்கள் குளித்துத் துக்கம் கழிக்கிறார்கள்.

நீங்கள் போகிற காலையில் தலை மழித்த ஒருவர் ஈரவேட்டியோடு கிணற்றுக்கட்டில் நிற்கலாம். பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அவர்களுக்கு இடம் விடுங்கள். பாட்டுப் பெட்டியை வானிலேயே விட்டுவிடுங்கள். கைத்தொலைபேசியை அவர்கள் பக்கம் திருப்பாதீர்கள். உங்கள் பிள்ளைகள் தண்ணீரைக் கண்டு குதிப்பார்கள், அது இயல்புதான். அந்த நேரத்தில் மட்டும் அவர்களை மற்றக் கரைக்கு அழைத்துப் போங்கள். கிரியைக்கு வரவில்லை என்றால் ஆடி அமாவாசையன்று இங்கே வராமலிருப்பதே நல்லது.

இந்த இடத்தின் மேல் ஒரு வழக்கு நடந்தது, வருத்தமும் இருக்கிறது. கிணறுகளும் சுற்றியுள்ள நிலமும் தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. வளவுக்குள் பழைய பிள்ளையார் கோயிலின் அத்திவாரம் இருந்த இடத்தில் பௌத்தக் கட்டுமானம் எழுப்பப்படுவதை எதிர்த்து 2019 ஜூலையில் தமிழ் மக்கள் அங்கே திரண்டார்கள். விடயம் திருகோணமலை மேல் நீதிமன்றம் வரை போய், இடைக்காலத் தடையும் கிடைத்தது. அங்குள்ள அறிவிப்புப் பலகைகளை வாசிக்கும்போது இதை மனதில் வைத்து வாசியுங்கள். ஒரு பலகை ஒரு வரலாற்றை மட்டும் சொல்லும். அந்தியேட்டிக்கு வந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், அவர் பேசும் மனநிலையில் இருந்தால், “ஐயா, முந்தி இங்க எப்படி இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். பலகையில் இல்லாதது அவரிடம் இருக்கும்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. வெந்நீர் தசைப்பிடிப்பைத் தளர்த்தும், களைத்த உடம்புக்கு இதம் தரும். கொழுந்து பறித்துப் பறித்துத் தோளும் முதுகும் இறுகிப்போன பெண்களுக்கு அந்த முதல் வாளி தரும் ஆறுதல் பெரிது. ஆனால் இந்தத் தண்ணீர் சொறி, சிரங்கு, வாதம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தோல் வரட்சியும் கரப்பானும் உள்ளவர்களுக்குச் சூடான தண்ணீர் அரிப்பைக் கூட்டவும் செய்யும்.

நீரிழிவு உள்ளவர்கள் காலால் சூடு பார்க்கக் கூடாது. நெடுநாள் நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடும். சுட்டது தெரியாமலே புண்ணாகிவிடும். அவர்களுக்கு வேறொருவர் கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மற்றவர்களும் ஒரேயடியாகத் தலையில் ஊற்றாமல், நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்தபடி காலில் தொடங்குங்கள். பிறகு முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் தலை. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இளஞ்சூடான நன்னீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைப் பறிக்கும். அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் அதனால் பலர் இறந்தார்கள். மிக அரிதான நோய்தான். தண்ணீரைக் குடிப்பதால் அது வராது, மூக்குக்குள் ஏறினால் மட்டுமே வரும். உள்ளே இறங்காமல் அள்ளி ஊற்றும் கன்னியா வழக்கம் இந்த வகையிலும் நல்லது. பிள்ளைகளின் முகத்தில் நேராக வீசி ஊற்றாமல், தலையைச் சற்றுப் பின்னால் சாய்க்கச் சொல்லி ஊற்றுங்கள். மூக்கில் தண்ணீர் ஏற்றி விளையாட விடாதீர்கள்.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. சொந்தமாக ஒரு சின்ன வாளியும் கோப்பையும் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆண்களுக்குச் சாரம், பெண்களுக்குக் குறுக்குக்கட்டவோ உடுத்துக் குளிக்கவோ ஏற்ற உடுப்பு. கோயிலும் கிரியையும் கலந்த இடம் என்பதால் கடற்கரைக் குளியலுடை வேண்டாம். துவாய், மாற்றுடுப்பு, ஈரத்துணி போட ஒரு பை, நுழைவுச்சீட்டுக்குச் சில்லறை, குடிதண்ணீர். சவர்க்காரத்தையும் சீயக்காயையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இத்தனை சிறிய கிணற்றில் ஒருவரின் நுரை அடுத்தவரின் வாளிக்குள் வந்துவிடும். ஜப்பானியர் வெந்நீருக்குள் இறங்கும் முன் உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் இறங்குவார்கள். கிணற்றடியில் வளர்ந்த நமக்கு அந்த ஒழுக்கம் புதிதல்ல.

ஒரே நாளில் போய் வரலாமா? அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டால் முடியும். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள் என்பேன். முதல் நாள் பிற்பகலில் திருகோணமலை சேர்ந்து, மாலைப் பூசைக்குக் கோணேசர் கோயில் போகலாம். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டைக்குள் மான்கள் உங்கள் வான் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றுக்குப் பொலித்தீனோடு எதையும் நீட்டாதீர்கள். இரவு நகரில் தூங்கி எழுந்து, வெயில் ஏறுமுன் கன்னியா. அந்த நேரத்தில் கிணற்றின் மேல் இலேசான ஆவி நிற்கும். பிறகு கடலாட விரும்பும் பிள்ளைகளுக்கு நிலாவெளி இருக்கிறது. வெந்நீர், கடல் இரண்டும் ஒரே காலையில் கிடைத்த பிள்ளை திரும்பி வரும் வழி முழுதும் தூங்கும்.

திரும்பும் நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் வீதி யானைக் காட்டினூடாகப் போகிறது. பொழுது சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும் அவை வீதியைக் கடக்கும். ஐந்து மணிக்கு முன் ஹபரணையைத் தாண்டிவிடும்படி புறப்படுங்கள். அதற்கு மேல் பிந்திவிட்டால் மெதுவாகவே வாருங்கள். மங்கல் வெளிச்சத்தில் கறுப்பு யானை கறுப்பு மரமாகவே தெரியும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோன் அடிக்க வேண்டாம், பெரிய விளக்கைப் போட வேண்டாம், வாழைப்பழம் நீட்ட இறங்கவே வேண்டாம். அது கடந்துபோன உடனே வண்டியை எடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். பின்னால் குட்டி வரலாம்.